கண் வைக்காத பொம்மை

பத்து காஜா ஆஸ்பத்திரி,
13 ஜூன் 1926

அன்புத் தங்கை நவமணிக்கு அண்ணன் பிச்சைமுத்து எழுதுவது. இங்கே இடது கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் மச்சானும் உன் மாமியார் காளியம்மா அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்?

கால் என்றதும் பதறாதே. ரப்பர் பால் வாளியோடு வாய்க்கால் பலகைமேல் வந்தேன். மழையில் பாசி பிடித்த பலகை. வாளி ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். கணக்கெழுதுகிற தோட்டத்துக் கிராணி ஓடிவந்து முதலில் தூக்கி நிறுத்தியது வாளியைத்தான். இப்போது காலை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதக் கடைசிவரை எழுந்திருக்கக் கூடாதாம். சும்மா படுத்துக் கிடப்பதற்கு மரம் சீவுவதே மேல் என்று தோன்றுகிறது.

உங்கள் ஊர்த் துணிக்காரர் ஜைனுலாப்தீன் ராவுத்தர் நேற்று மூட்டையோடு வார்டுக்குள்ளேயே வந்துவிட்டார். பேச்சுவாக்கில், "ஒங்க தங்கச்சிக்கு அஞ்சு மாசமாமே, எங்க வீட்டுலதான் போயிப் பாத்துக்குது" என்றார். அவர் மனைவி ஜெய்னம்புதான் கமுந்திங்கில் பிரசவம் பார்க்கிறவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீ ஐந்து மாதம் என்பதை ஊரார் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? கோபம் வந்தது. பிறகு நீ ஏன் சொல்லவில்லை என்று நினைத்துப் பார்த்தேன், கோபம் போய்விட்டது.

பொழுது போக ஒரு வேலை கண்டுபிடித்திருக்கிறேன். உன் அண்ணி மாரியம்மா என்னைப் பார்க்க வரும்போது மடியில் ரப்பர் கொட்டையும் லாலாங் புல்லும் கொண்டுவருகிறாள். கொட்டை தலை, புல் உடம்பு. பொம்மை செய்கிறேன்! வார்டில் எனக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் ஈயச் சுரங்கத்தில் அடிபட்ட சீனக் கிழவர், அவர் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். சிரிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

அண்ணன்,
பிச்சைமுத்து


கமுந்திங்,
27 ஜூன் 1926

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு நவமணி கும்பிட்டு எழுதுவது. கால் ஒன்றைத் தவிர சுகம் என்று எழுதினால் நான் சிரிப்பேன் என்று நினைத்தீர்களா? அழுதேன். வாளியைப் பற்றிப் படித்த பிறகுதான் சிரித்தேன். அண்ணியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சொல்லாதது தப்புத்தான் அண்ணே. வாயால் சொன்னால் இதுவும் போய்விடும் என்று பயம். முன்பு போன பிள்ளைகள் இரண்டும் வயிற்றில் குறுக்கே கிடந்தன. இரண்டு தடவையும் வலி வந்து, நேரம் கடந்து, அப்புறம்தான் ஜெய்னம்பு அக்காவைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அவர் இப்போதிருந்தே வந்து எண்ணெய் தடவிப் பார்க்கிறார். "எப்படிக் கெடந்தாலும் கெடக்கட்டும்லா, எட்டாம் மாசம் ஆனதும் நான் தலையைக் கீழ கொண்டாந்துடுவேன்" என்கிறார். அவர் கை வயிற்றில் பட்டாலே எனக்குத் தைரியம் வந்துவிடுகிறது.

உங்கள் மச்சான் தண்டவாள வேலைக்காகப் பாகான் செராய் பக்கம் போயிருக்கிறார், எப்போதாவதுதான் வருகிறார். வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை என்னைக் குனிய விடுவதில்லை, குடம் தூக்க விடுவதில்லை. நல்ல மீன் கிடைத்தால் நடுத்துண்டு எனக்குத்தான். ஆனால் பிள்ளைக்கென்று ஒரு பழந்துணியைக்கூட மடித்து வைக்கக் கூடாது. போன தடவை நான் தொட்டில் கயிறு வாங்கி வைத்திருந்தேன். அந்தக் கயிறுதான் பிள்ளையைக் கொண்டுபோயிற்று என்று இன்றைக்கும் சொல்கிறார். எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோன்றுகிறது.

அண்ணே, ஆனாலும் ஒரு ஆசை. படுத்திருக்கும்போது கை சும்மா கிடக்கிறது. எனக்கு ஒரு பொம்மை செய்து அனுப்புவீர்களா? அத்தை கண்ணில் படாமல் வைத்துக்கொள்கிறேன்.

தங்கை,
நவமணி


பத்து காஜா,
18 ஜூலை 1926

அன்புத் தங்கைக்கு, ஆண்டவன் துணையிருக்க, அண்ணன் எழுதுவது. கால் அரிக்கிறது. அரித்தால் எலும்பு கூடுகிறது என்று கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் சொல்கிறார், அதனால் சந்தோஷமாக அரிப்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறேன். பிரசவத்துக்குத் தைப்பிங் ஆஸ்பத்திரி போகலாமே என்று உன் அத்தையிடம் கேட்டுப் பார். என்ன சொல்வார் என்பது தெரியும். இருந்தாலும் கேள்.

பொம்மையை ராவுத்தரிடம் பொட்டலமாகக் கொடுத்திருக்கிறேன். உள்ளே இருப்பது என்னவென்று அவரிடம் சொல்லவில்லை. ஆம்பிளை பொம்மை செய்கிறான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போவார். உன் கையில்தான் தர வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பிரித்துப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்காமலிருக்க எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். தலை ரப்பர் கொட்டை. காய்ச்சிய கம்பியால் துளை போட்டு உள்ளே இருந்த பருப்பைச் சுரண்டி எடுத்தேன், இல்லாவிட்டால் பூச்சி வைக்கும். கழுத்திலிருந்து இடுப்புவரை தென்னை ஈர்க்கு. அதைச் சுற்றி லாலாங் புல்லை மடித்து வாழை நாரால் இறுக்கிக் கட்டினேன். கை இரண்டும் புல் பின்னல். தேங்காய் நாரைக் கரியில் புரட்டிக் கொண்டை போட்டிருக்கிறேன். சேலை சோளத் தோகை. அதை ஈரத்தில் கட்டினால்தான் கொசுவம் மடியும், ஆனால் காய்ந்ததும் சுருங்கி, நூல் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நழுவிவிடுகிறது. மூன்று சேலை பாழானபின் எலுமிச்சை முள்ளால் மாராப்பை நெஞ்சில் குத்தி நிறுத்தினேன். இப்போது அசையவில்லை.

கண் வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நம் அப்பா கோயிலுக்கு மண்ணில் குதிரை செய்தாலும் சாமி செய்தாலும் கண்ணைக் கடைசி நாளில்தானே திறப்பார்? அதுவரைக்கும் அது வெறும் மண், யார் கண்ணும் படாது என்பார். உன் பிள்ளை கண் திறந்த பிறகு நீயே விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இதற்கும் கண் வை. அதுவரைக்கும் இது வெறும் புல். தொட்டில் கயிறு கணக்கில் சேராது.

அண்ணன்,
பிச்சைமுத்து


கமுந்திங்,
8 ஆகஸ்ட் 1926

அன்புள்ள அண்ணனுக்கு நவமணி எழுதுவது. நானும் வயிற்றில் இருப்பதும் நலம். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தேன், அத்தை அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பொம்மை வந்து சேர்ந்தது! ராவுத்தர் கிணற்றடியில் பொட்டலத்தைக் கையில் வைத்துவிட்டு, மூச்சு விடாமல் போய்விட்டார். கொண்டையைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. அப்படியே அண்ணி போடுகிற கொண்டை! பாயின் தலைமாட்டில், அடியில் வைத்திருக்கிறேன். அத்தை தூங்கியதும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறேன். புல் வாசனை இன்னும் போகவில்லை. கண் இல்லாததும் நல்லதாய்ப் போயிற்று, என்னை எதுவும் கேட்காது.

ஜெய்னம்பு அக்கா இப்போது வாரம் தவறாமல் வருகிறார். இதுவும் குறுக்கேதான் கிடக்கிறதாம்.

உங்கள் கட்டு எப்போது பிரிக்கிறார்கள்?

தங்கை,
நவமணி


பத்து காஜா தோட்டம்,
29 ஆகஸ்ட் 1926

அன்புத் தங்கைக்கு, வீட்டுக்கு வந்துவிட்டேன். கட்டுப் பிரித்தாயிற்று. இடது கால் வலது காலைவிட ஒல்லியாக, வேறு யாருடையதோ போல இருக்கிறது. கைத்தடி வைத்து நடக்கிறேன். ரப்பர் ஆலையில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

இது எட்டாம் மாதம் அல்லவா? ஜெய்னம்பு திருப்பிவிட்டாரா? ஒரு வரி போதும், எழுது.

அண்ணன்,
பிச்சைமுத்து


பத்து காஜா தோட்டம்,
19 செப்டம்பர் 1926

நவமணி, என் போன கடிதம் கிடைத்ததா? உன் அண்ணி தினமும் தபால்காரனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். நான் அவளைப் பார்ப்பதில்லை. நல்லதோ கெட்டதோ எழுதிவிடு அம்மா.

அண்ணன்


கமுந்திங்,
30 செப்டம்பர் 1926

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு நவமணி எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். தாங்கள் நடக்கத் தொடங்கியது கேட்டு மிகவும் சந்தோஷம். அத்தை தங்களை விசாரித்தார். இங்கே நல்ல மழை.

ஜெய்னம்பு அக்காவுக்கு வேலை அதிகம். இப்போது வருவதில்லை. பொம்மை பத்திரமாக இருக்கிறது. தாங்கள் கவலைப்பட வேண்டாம். இங்கு வரவும் வேண்டாம், காலுக்கு ஆகாது.

நவமணி


பத்து காஜா தோட்டம்,
8 அக்டோபர் 1926

மரியாதைக்குரிய காளியம்மா அத்தை அவர்களுக்கு, உங்கள் மருமகளின் அண்ணன் பிச்சைமுத்து தூரத்திலிருந்தே காலில் விழுந்து எழுதுவது. நேரில் விழலாம்தான், விழுந்தால் எழுந்திருக்க முடியாத கால். அதனால்தான் கடிதம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது?

நவமணி, இதை அத்தைக்குப் படித்துக் காட்டப் போகிறவள் நீதான் என்று எனக்குத் தெரியும். மச்சான் வீட்டில் இல்லை, அத்தைக்கு எழுத்துத் தெரியாது. ஒரு வரியை விடாமல் படி. நீ விட்டுவிட்டுப் படித்தால் எனக்குத் தெரியப்போவதில்லை, ஆனால் உன் வயிற்றில் இருப்பதற்குத் தெரியும்.

அத்தை, நேற்று ஜைனுலாப்தீன் ராவுத்தர் இங்கே வந்தார். எப்போதும் வாய் ஓயாதவர், தண்ணீர்கூட வாங்கவில்லை. நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். "ஒங்க தங்கச்சி பாய்க்கு அடியில செய்வினைப் பொம்மை கெடந்துச்சாம். கண்ணு இல்லியாம், நெஞ்சுல முள்ளு குத்தியிருந்துச்சாம். எங்க வீட்டுக்காரிதான் வச்சிட்டான்னு காளியம்மா படியேற விட மாட்டேங்குது. இப்ப ஊருல ஒருத்தரும் அவளைப் பிரசவத்துக்குக் கூப்பிடல" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கைத்தடி கீழே விழுந்தது.

அத்தை, அந்தப் பொம்மையைச் செய்தது நான். அனுப்பியது நான். உள்ளே இருப்பது தெரியாமல் சுமந்து வந்தவர் ராவுத்தர். ஜெய்னம்பு அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கேட்டு வாங்கியவள் நவமணி. பாய்க்கு அடியில் வைத்தவளும் அவள்தான். கையில் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்று கேட்டாள், வேறு ஒன்றுமில்லை.

நெஞ்சில் இருப்பது சேலை நழுவாமல் குத்திய முள். கொட்டைத் தலைக்குக் கண் வைக்காதது, பிள்ளை பிறந்த பிறகு வைக்கலாம் என்று. மண் பிசைகிற குடும்பத்தில் கண் திறப்பது எப்போதும் கடைசியில்தான். உங்களைப் போலவே நானும் பிள்ளை பிறப்பதற்கு முந்தி அதற்கென்று எதுவும் செய்து வைக்கக் கூடாது என்று பயந்துதான் அப்படிச் செய்தேன். அந்தப் பயம்தான் இப்படி வந்து நிற்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் அவளையே கேளுங்கள், எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறாள்!

ராவுத்தர் தாமே வந்து சொல்கிறேன் என்றார். பெண்சாதிக்குப் பரிந்து பேசுகிறார் என்று நினைப்பீர்கள், வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். திட்டுவதை எல்லாம் எனக்குச் சேர்த்து வையுங்கள், தீபாவளிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கே ஜெய்னம்புவைக் கூப்பிடுங்கள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது அத்தை.

இப்படிக்கு,
பிச்சைமுத்து


கமுந்திங்,
12 அக்டோபர் 1926

அண்ணே, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன், சரியா? இனி என் கதை.

அத்தை பாயை வெயிலில் உதறப்போய்ப் பொம்மை விழுந்தது. அவர் போட்ட கூச்சலில் லயத்து வீடுகள் முழுக்கக் கூடிவிட்டன. "இது யாரு வேலை?" என்று கேட்டார். என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம், வாய் எழவில்லை. தொட்டில் கயிறு ஞாபகம் வந்துவிட்டது. இதுவும் போனால், நீ பொம்மை வாங்கி வைத்ததால்தான் போயிற்று என்பார்கள். அதை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது அண்ணே. அதற்குள் யாரோ, வீட்டுக்குள் வந்துபோகிற வெளியாள் ஜெய்னம்பு ஒருத்திதானே என்றார்கள். அதையே பிடித்துக்கொண்டார் அத்தை. அதன்பிறகு நான் சொல்லலாம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஜெய்னம்பு அக்கா வாசலில் நின்று, "நவமணி, நீ சொல்லு, நானா வச்சேன்?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பொம்மையை என்ன செய்வது என்று பூசாரியைக் கேட்டார்கள். எரித்தால் பிள்ளைக்கு ஆகாது, புதைத்தால் தாய்க்கு ஆகாது, பிறக்கும்வரை சட்டியில் போட்டு வாய் கட்டி வெளியே தொங்கவிடு என்றார். அதனால்தான் பத்திரமாக இருக்கிறது என்று எழுதினேன். தாழ்வாரத்தில் என் தலைக்கு மேலேயே தொங்கியது.

நேற்று மத்தியானம் உங்கள் கடிதம் வந்தது. அத்தை வெற்றிலை போட்டுக்கொண்டே, படி என்றார். விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், பொய் சொல்வானேன். 'கேட்டு வாங்கியவள் நவமணி' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்திட்ட? படி" என்றார். முடிவுவரை படித்தேன்.

அத்தை எழுந்து போய்ச் சட்டியை இறக்கிக் கட்டை அவிழ்த்தார். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த முள்ளு சேலைக்கா?"

"ஆமாத்தே."

"இத்தனை நாளா இந்தச் சட்டிக்குப் பயந்து நான் ஒழுங்காத் தூங்கலடி. வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அடிப்பார் என்று நினைத்தேன். என் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "அந்தக் கயித்துப் பேச்சை நான் எடுத்திருக்கக் கூடாது" என்றார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முட்டுவலியோடு ஜெய்னம்பு அக்கா வீட்டுக்கு நடந்தார். அங்கே என்ன பேசினார்களோ தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள், இரண்டு பேருக்கும் கண் வீங்கியிருந்தது. நான் ஜெய்னம்பு அக்கா காலைப் பிடிக்கக் குனிந்தேன். "ஒன்னை அப்புறமா வச்சுக்கிறேன். மொதல்ல படு" என்றார்.

வெகுநேரம் தடவினார். வலித்தது. உள்ளே ஏதோ புரண்டது எனக்கே தெரிந்தது அண்ணே! நாளைக்கும் வருவார். திருப்பிய தலை கீழேயே நின்றால் பிழைத்தோம் என்கிறார்.

தங்கை,
நவமணி


கமுந்திங்,
27 அக்டோபர் 1926

தம்பி பிச்சைமுத்துவுக்குக் காளியம்மா சொல்லச் சொல்ல ஜைனுலாப்தீன் எழுதுவது. அனைவரும் சுகம். (நானும் சுகம், உங்கள் வீட்டில் குடிக்காமல் வந்த தண்ணீரை அடுத்த முறை சேர்த்துக் குடிக்கிறேன்.)

பொம்பளப் பிள்ளை. முந்தாநாள் விடியக்காலம். தலைதான் மொதல்ல வந்துச்சு. ஜெய்னம்பு கையில வந்து விழுந்ததும் அழல, எனக்கு உசுரு போயிடுச்சு. ரெண்டு தட்டு தட்டுச்சு பாரு, அப்ப புடிச்ச அழுகையை இன்னும் நிறுத்தல. தாய்க்கும் ஒரு குறையும் இல்ல, ரெண்டு ஆளு சோறு கேக்குறா. ஒன் மச்சானுக்கு ஆள் அனுப்பியாச்சு.

ஜெய்னம்பு கிட்ட நான் பேசுனது தப்பு. ஊரு கூட்டித்தான் பேசுனேன், அதனால ஊரு கூட்டியே தப்புன்னும் சொல்லிட்டேன். அது சிரிச்சிட்டுப் போயிடுச்சு. பூசாரியைத்தான் இன்னும் காணோம். (என் வீட்டுக்காரி சிரித்தது உண்மை. அதற்கு முன் அழுததும் உண்மை. இன்றைக்கு இன்னொரு வீட்டில் கூப்பிட்டுப் போயிருக்கிறாள்.)

தீபாவளிக்கு வாரேன்னு எழுதுனியே, வா. திட்டு அப்படியே வச்சிருக்கேன். மாரியம்மாளையும் கூட்டிட்டு வா, அந்தக் கொண்டையைப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

ஒன் பொம்மைக்குக் கண்ணு வச்சாச்சு. நவமணிதான் வைக்கணும்னு எழுதியிருந்தே, அவ பிள்ளையைக் கீழ விட மாட்டேங்குறா, அதனால நான் வச்சேன். விளக்குக் கரிதான். ஒரு கண்ணு பெரிசா, ஒரு கண்ணு சின்னதா ஆயிடுச்சு. பிள்ளைக்கு இல்ல, பொம்மைக்கு. பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, நான் நல்லாப் பாத்துட்டேன். முள்ளை எடுத்துட்டேன், பிள்ளை கையில குத்தும். இப்ப சேலை நிக்க மாட்டேங்குது, அதுக்கு என்ன வழின்னு நீதான் சொல்லணும்.

வரும்போது இன்னொரு பொம்மை செஞ்சு எடுத்துட்டு வா. கண்ணு வைக்காத. நான் சட்டியில போட்டு, வாய் கட்டாம, பத்திரமா வச்சுக்கிறேன். அடுத்த பிள்ளைக்கு ஆகும்.

(உள்ளேயிருந்து நவமணி, "அதை எழுதாதீங்க ராவுத்தரே!" என்று கத்துகிறது. காளியம்மா எழுதச் சொல்கிறது. எழுதிவிட்டேன்.)